பயன்படுத்திய மோட்டார் சைக்கிள் வாங்குவோர்க்கு: ஆண்டுத் தகுதிச் சோதனையில் எந்த வண்டி நம்பிக்கையாகத் தேறும்?

ஏறத்தாழ ஒரே விலைக்கு மூன்று வண்டிகள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 5 ஆண்டுகளுக்கு முன் பதிவானது. நாள்தோறும் வேலைக்குச் சென்று வந்து 60,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டாவதற்கு வயது 13. ஆனால் மீட்டரில் 9,000 கி.மீ.தான் காட்டுகிறது, பெயின்ட் கூட மங்கவில்லை. மூன்றாவது 8 ஆண்டு வயதும் 30,000 கி.மீ. ஓட்டமும் உடையது, உரிமையாளர் அதன் சைலன்சர், ஹேண்டில்பார், விளக்குகள் ஆகியவற்றைத் தம் விருப்பப்படி மாற்றியிருக்கிறார். ஆண்டுதோறும் வரும் தகுதிச் சோதனையில் இவற்றுள் எது தொல்லையின்றித் தேறும் என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் இரண்டாவதைக் காட்டுவார்கள். நான் முதலாவதைக் காட்டுவேன். அதற்கான காரணங்களையும், எந்த நிலையில் இந்தத் தேர்வை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் விரிவாகச் சொல்வதே இக்கட்டுரை.

முதலில் சோதனை எதைப் பார்க்கிறது என்பதில் தெளிவு வேண்டும். விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. பிரிட்டனில் முதல் பதிவுக்கு 3 ஆண்டுகள் கழிந்தபின் மோட்டார் சைக்கிள் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. எனப்படும் தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும்; சிங்கப்பூரிலும் 3 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிக்கு ஆண்டுச் சோதனை உண்டு. ஜெர்மனியில் அது 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை. ஜப்பானில் 250 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டுமே. இந்தியாவில் சொந்தப் பயன்பாட்டுக்கான இருசக்கர வண்டிக்கு, 15 ஆண்டுகள் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் தகுதிச் சான்று கேட்கப்படுகிறது. இவ்வளவு வேறுபாடு இருந்தாலும், சோதகர் கை வைத்துப் பார்க்கும் இடங்கள் எங்கும் ஏறத்தாழ ஒன்றே: விளக்குகள், ஹாரன், பிரேக்குகள், டயர்கள், சக்கரங்கள், ஹேண்டில்பாரைத் தாங்கும் கோன் செட், முன் ஃபோர்க், பின் ஷாக் அப்சார்பர், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், செயின், சைலன்சர், சேசிஸ், எண் பலகை.

இந்தப் பட்டியலில் எஞ்சினின் உள்நலம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, மூன்றாவது கியர் நழுவுகிறதா என்பதைச் சோதகர் பெரும்பாலும் பார்ப்பதில்லை. புகை அளவு சோதிக்கப்படும் இடங்களில் மட்டுமே எஞ்சினின் நிலை ஓரளவு வெளிப்படும். ஆகவே ‘நல்ல வண்டி’ என்பதும் ‘சோதனையில் தேறும் வண்டி’ என்பதும் முழுக்க ஒன்றல்ல. அதிகம் ஓடிய வண்டியின் மெய்யான பலவீனம் எஞ்சினுக்குள் இருக்கக்கூடும்; அது சோதனையின் பார்வைக்கு வெளியே நிற்கிறது. நின்றே கிடந்த வண்டியின் பலவீனங்களோ, ரப்பர், திரவம், மின் இணைப்பு, துரு என்று சோதகரின் கண் நேராகப் போய் விழும் இடங்களில்தான் சேர்ந்திருக்கின்றன.

முதல் வண்டியை எடுத்துக்கொள்வோம். 5 ஆண்டுகளில் 60,000 கி.மீ. என்றால் மாதத்துக்குச் சராசரியாக 1,000 கி.மீ. இந்த ஓட்டத்தில் பின் டயர் பல முறை மாறியிருக்கும். செயினும் ஸ்ப்ராக்கெட்டும் குறைந்தது ஒரு முறையாவது, பெரும்பாலும் இரண்டு முறை, மாறியிருக்கும். பிரேக் பேடுகள் எத்தனையோ முறை மாறியிருக்கும். இதைக் குறையாக எண்ணுவது தவறு. மாற்றாமல் இவ்வளவு தூரம் ஓட்டவே முடியாது என்பதால், அந்த மீட்டர் கணக்கே பராமரிப்புக்கு ஒரு வகைச் சான்றாகிறது. நாள்தோறும் ஓட்டுபவர் ஹெட்லைட் எரியாவிட்டால் அன்று மாலையே அறிந்துகொள்வார். பிரேக் லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனால் அவருடைய விரலுக்கே அது தெரிந்துவிடும். சோதனை நாளுக்கு முன்பே ஒவ்வொரு நாளும் அந்த வண்டி ஒரு சிறு சோதனையைக் கடந்துகொண்டிருக்கிறது.

இருப்பினும், இந்த வண்டி தோற்கக்கூடிய இடங்கள் சில உண்டு. அவை குறிப்பிட்டுச் சொல்லத்தக்கவை. முதன்மையானது கோன் செட். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், சாலையின் அதிர்ச்சி முழுவதும் ஹேண்டில்பாரின் நடு நிலையில் பேரிங் குண்டுகளின் வழியே இறங்கி, அவை உருளும் கிண்ணத்தில் சிறு சிறு பள்ளங்களை ஏற்படுத்துகிறது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, ஹேண்டில்பாரை ஒரு விரலால் மெல்லத் திருப்பினால், நடுவில் வந்ததும் அது ‘டக்’ என்று குழியில் அமர்வது போல நிற்கும். வாங்குபவர் இரண்டு நிமிடத்தில் செய்துவிடக்கூடிய இந்தச் சோதனையைப் பெரும்பாலோர் செய்வதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். பாகத்தின் விலை பெரிதல்ல. ஆனால் முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டியிருப்பதால் கூலியும் நேரமும் கூடுகின்றன. இரண்டாவது இடம் ஸ்விங் ஆர்ம் புஷ்: வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால், ஆட்டம் சக்கர பேரிங்கிலிருந்து வருகிறதா, ஸ்விங் ஆர்மின் மூட்டிலிருந்து வருகிறதா என்று பிரித்தறியலாம். மூன்றாவது முன் ஃபோர்க் ஆயில் சீல். குழாயில் எண்ணெய்ப் படலம் ஒட்டியிருந்தால் அது கசிகிறது என்று பொருள். இம்மூன்றும் தேய்மானத்தின் விளைவுகள். தேய்மானம் அளக்கக்கூடியது, முன்கூட்டிச் சொல்லக்கூடியது, ஒரு முறை சரிசெய்தால் நெடுங்காலம் திரும்பி வராதது.

இரண்டாவது வண்டியின் கதை வேறு. 13 ஆண்டுகளில் 9,000 கி.மீ. என்பது மாதத்துக்கு 60 கி.மீ. கூட இல்லை. அதுவும் சீராக ஓடியிருக்காது. சில ஆண்டுகள் ஓடிப் பல ஆண்டுகள் நின்றிருக்கும். ஓட்டம் குறைவு என்பதால் பாகங்கள் புதிதாக இருக்கும் என்ற கணக்கு இரும்புக்கும் அலுமினியத்துக்கும் ஓரளவு பொருந்தும். ரப்பருக்கும் திரவங்களுக்கும் பொருந்தாது. அவற்றுக்குக் காலமே ஓட்டம்.

டயரிலிருந்து தொடங்கலாம். அதன் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2312 என்றிருந்தால் 2012ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். பள்ளத்தின் ஆழத்தைப் பொறுத்தவரை அந்த டயர் எந்தச் சட்டத்தையும் நிறைவு செய்யும்: பிரிட்டனில் மோட்டார் சைக்கிளுக்கு டயர் அகலத்தின் முக்கால் பங்கில் 1 மி.மீ., ஜெர்மனியில் 1.6 மி.மீ. ஆழம் இருந்தால் போதும். நின்றே கிடந்த டயரில் 4 மி.மீ.க்கு மேல் கூட இருக்கலாம். ஆனால் ரப்பர் இறுகிப் பக்கச் சுவரில் வெடிப்புகள் விட்டிருக்கும். அவை உள்நூல் வரை ஆழமாக இறங்கியிருந்தால் சோதகர் நிராகரிப்பார். அந்த அளவுக்குப் போகாவிட்டால் வண்டி தேறிவிடும். இறுகிய டயர் ஈரச் சாலையில் பிடிப்பின்றி வழுக்கும் என்பதை எந்தச் சான்றிதழும் சொல்லாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, தேறினாலும் தேறாவிட்டாலும் இத்தகைய வண்டியின் இரு டயர்களையும் மாற்றிவிட வேண்டும் என்பேன்.

அடுத்தது பிரேக். டிஸ்க் பிரேக்கில் பயன்படும் டாட் 4 வகைத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய நிலையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி, 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் அதே விதி 155 டிகிரியைத்தான் கேட்கிறது. பல தயாரிப்பாளர்கள் 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை அதை மாற்றச் சொல்வது இதனால்தான். கொதிநிலை குறைவது சோதனை மையத்தில் தெரியாது. ஆனால் அந்த ஈரம், பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் கேலிப்பருக்குள்ளும், லீவரோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்குள்ளும் அரிப்பை உண்டாக்கி, பிஸ்டனைத் தன் இடத்திலேயே இறுக்கிவிடும். லீவரை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கைப் பற்றிக்கொண்டே இருப்பதும், இரட்டை டிஸ்க் வண்டியில் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்வதும் அதன் அறிகுறிகள். எம்.ஓ.டி.யில் ஒரு பிரேக் கட்டுப்பாடு குறைந்தது 30 விழுக்காடும் மற்றது குறைந்தது 25 விழுக்காடும் திறன், அதாவது எடையோடு ஒப்பிட்ட பிரேக் விசை, காட்ட வேண்டும். இறுகிய கேலிப்பர் உள்ள வண்டி இந்த இடத்தில் எளிதாகத் தோற்கும். பிரேக் ஹோஸின் ரப்பரும் அதே 13 ஆண்டுகளைக் கண்டது என்பதை மறக்கக் கூடாது. ஏ.பி.எஸ். உள்ள வண்டியாக இருந்தால், பழைய திரவம் அதன் உள்வால்வுகளையும் கெடுத்து, மிக விலையுயர்ந்த பழுதை உண்டாக்கக்கூடும்.

ஃபோர்க் குழாயின் குரோம் பூச்சில் ஈரம் தங்கி ஊசிமுனை அளவுத் துருப் புள்ளிகள் விழுந்திருந்தால், ஆயில் சீலை மாற்றிய சில வாரங்களிலேயே அந்தப் புள்ளிகள் புதுச் சீலையும் கீறிவிடும். அப்போது குழாயையே மாற்றவோ மறு பூச்சு செய்யவோ வேண்டிவரும். சைலன்சர் உள்ளிருந்து அரிக்கிறது: எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி, எஞ்சின் முழுச் சூடேறாத சிறு ஓட்டங்களில் வெளியேறாமல் குழாய்க்குள்ளேயே நீராகத் தங்கிவிடுவதால், வெளியே பளபளக்கும் சைலன்சரின் அடிப்பகுதியில் ஓட்டை விழுகிறது. கார்புரேட்டர் வண்டியானால் பழைய பெட்ரோல் பிசினாகி, பெட்ரோல் செல்லும் நுண்துளையான ஜெட்டை அடைத்திருக்கும். மின் இணைப்புகளில் பச்சை படிந்து, இன்று எரியும் இண்டிகேட்டர் நாளை எரியாது. இவை எல்லாவற்றையும் சரிசெய்ய முடியும். ஆனால் ஒன்றைச் சரிசெய்து ஓட்டத் தொடங்கியதும் அடுத்தது வெளிப்படும் என்பதே இவ்வகை வண்டியின் தொல்லை. முதல் ஆண்டுச் சோதனையில் தேறிய இத்தகைய வண்டி, ஓட்டம் கூடிய இரண்டாம் ஆண்டில் தோற்பது இயல்பானது.

மூன்றாவது வண்டி, அதாவது மாற்றியமைக்கப்பட்டது, வயதாலோ தேய்மானத்தாலோ தோற்பதைவிட விதியால்தான் அதிகம் தோற்கிறது. உள் தடுப்பு நீக்கப்பட்ட சைலன்சரின் ஒலி, சாய்ந்து நிற்கும் எண் பலகை, காணாமற்போன பின் பிரதிபலிப்பான், ஹாலோஜன் பல்புக்கென வடிவமைத்த பிரதிபலிப்புக் கிண்ணத்தில் வேறு வகைப் பல்பைப் பொருத்தியதால் சிதறும் ஒளி, திருப்பும்போது பெட்ரோல் டாங்கில் விரலை நசுக்கும் ஹேண்டில்பார் ஆகியவை சோதகர் எளிதாகக் காண்பவை. அதே வேளையில், வண்டியின்மேல் பற்றுள்ளவரே இவ்வளவு செலவு செய்கிறார். அவர் ஆயிலையும் செயினையும் பிறரைவிட நன்றாகக் கவனித்திருக்கக்கூடும். ரப்பர் பிரேக் ஹோஸுக்குப் பதிலாகத் தரமான எஃகுப் பின்னல் ஹோஸ் போட்டிருந்தால் அது முன்னேற்றமே. இந்த வண்டியைப் பற்றி முடிவெடுக்க ஒரு கேள்வி போதும்: கழற்றிய மூலப் பாகங்கள் வண்டியோடு வருகின்றனவா? வருகின்றன என்றால், ஒரு நாள் வேலையில் வண்டி சட்டத்துக்கு உட்பட்டுவிடும். இல்லையென்றால் அவற்றைத் தேடி வாங்கும் செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் நான் மன்னிப்பதில்லை. அது கூடுதல் விளக்குகளுக்காக மூல வயரிங்கை வெட்டி ஒட்டியது. பிரிட்டனின் எம்.ஓ.டி. புள்ளிவிவரங்களில் மோட்டார் சைக்கிள்கள் தோற்கும் காரணங்களில் விளக்குகளும் சைகை விளக்குகளுமே முன்னணியில் நிற்கின்றன. அந்த இடத்தில் நாமே புதுப் பலவீனத்தைப் புகுத்துவது சரியன்று.

அமைப்பு வேறுபாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிரம் பிரேக் எளியது, சோதனையில் அரிதாகவே தொல்லை தரும். ஷூ தேய்வைக் காட்டும் அம்புக்குறி பல வண்டிகளில் வெளியிலேயே தெரியும். டிஸ்க் வலிமையானது, ஆனால் கவனிப்பு கேட்கும். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கின்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். செயினில்லாமல் ஷாஃப்டால் இயங்கும் வண்டியில் செயின் தளர்வு என்ற காரணமே இல்லை. ஆனால் அதன் ஆயில் சீல் கசிந்து எண்ணெய் பின் சக்கரத்தை எட்டினால் அது பெரிய பழுது. ஸ்போக் சக்கரத்தில் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டிப் பார்த்தால், தளர்ந்தது மந்தமான ஓசையால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இவற்றில் எதுவும் வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்கான முதற்காரணமாக ஆக வேண்டியதில்லை.

இன்ன கம்பெனி வண்டி இத்தனை விழுக்காடு தேறுகிறது என்ற வகைப் பட்டியல்களை நான் பெரிதாக நம்புவதில்லை. அவை பொய்யானவை என்பதால் அன்று, அவை அளப்பது வேறொன்று என்பதால். விடுமுறை நாளில் மட்டும் எடுக்கப்படும் பெரிய வண்டியும், மழையிலும் வெயிலிலும் பொருள் சுமக்கும் சிறிய வண்டியும் ஒரே அளவு உறுதியாகச் செய்யப்பட்டிருந்தாலும் ஒரே விழுக்காட்டைக் காட்டா. மிகப் பழைய வண்டிகளின் தேர்ச்சி சில சமயம் நடுத்தர வயது வண்டிகளைவிட நன்றாகத் தோன்றுவதும் உண்டு. கவனிப்பாரற்றவை ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட, போற்றிக் காக்கப்பட்டவை மட்டுமே சோதனைக்கு வருகின்றன என்பது அதற்கு ஒரு காரணம். இன்னொன்று: எம்.ஓ.டி. முறையில், கண்ட குறையை 1 மணி நேரத்துக்குள் அங்கேயே சரிசெய்தால், அந்த வண்டி திருத்தத்துக்குப்பின் தேறியது என்று தனி வகையாகப் பதிவாகிறது. அந்த வகையைச் சேர்த்து எண்ணுவதா விட்டு எண்ணுவதா என்பதைப் பொறுத்தே விழுக்காடு மாறிவிடும்.

பட்டியலைவிடப் பயனுள்ளது, வாங்கப்போகும் அந்த ஒரு வண்டியின் சோதனை வரலாறு. பிரிட்டனில் வண்டியின் பதிவெண்ணைக் கொண்டு 2005 முதலான எம்.ஓ.டி. முடிவுகளை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்; தேர்ச்சி, தோல்வி, மீட்டர் அளவு, சோதகரின் எச்சரிக்கைக் குறிப்புகள் எல்லாம் அதில் இருக்கும். 2018 மே மாதம் முதல் குறைகள் அபாயமானவை, பெரியவை, சிறியவை என்று வகைப்படுத்தியும் தரப்படுகின்றன. இத்தகைய பொதுப் பதிவு இல்லாத இடங்களில் விற்பவரிடமுள்ள பழைய சான்றிதழ்களையும் சர்வீஸ் பில்களையும் ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தால் அதே வேலை நடக்கும்.

இந்த வரலாற்றைப் படிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு தோல்வியைக் கண்டதும் வண்டியை ஒதுக்கிவிடுகிறார்கள். பின் விளக்கு எரியாமல் தோற்று அன்றே தேறிய வண்டியில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. ‘பின் டயர் எல்லையை நெருங்கிவிட்டது’ என்ற எச்சரிக்கை ஓர் ஆண்டிலும், அடுத்த ஆண்டு அதே டயருக்காகத் தோல்வியும், அதற்கடுத்த ஆண்டு செயினைப் பற்றி அதே போன்ற எச்சரிக்கையும் வந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். வற்புறுத்தினாலன்றி எதையும் செய்யாத ஒருவரின் கையில் அந்த வண்டி இருந்திருக்கிறது, சோதகர் பார்க்காத எஞ்சின் ஆயிலை அவர் எப்படி நடத்தியிருப்பார் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். மறுபுறம், எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஒரு குறிப்பும் இன்றித் தேறிய வரலாறு மிக அழகாகத் தோன்றும். மீட்டர் அளவுகளைக் கழித்துப் பார்த்தால் ஆண்டுக்கு 80 கி.மீ., 100 கி.மீ. என்று வரக்கூடும். அந்த வண்டி சோதனை மையத்துக்குப் போய் வருவதற்காகவே கிளப்பப்பட்டிருக்கிறது. அந்தத் தேர்ச்சிகள் அனைத்தும் உண்மையானவை. ஆனால் ஓட்டத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

ஆகவே என் தேர்வு இப்படி அமைகிறது. ஆண்டு முழுவதும் ஓட்டப்போகிறவர், பழுது பார்க்க நேரமில்லாதவர், முதல் வண்டியை எடுக்க வேண்டும்; கோன் செட், ஸ்விங் ஆர்ம், ஃபோர்க் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு, எஞ்சினை மட்டும் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் தனியாகக் காட்ட வேண்டும், ஏனெனில் சோதனை அதைக் காட்டித் தராது. சொந்தமாக ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கும், வண்டி உடனடியாகத் தேவைப்படாதவருக்கும் இரண்டாவது வண்டி மோசமான தேர்வல்ல. விலையிலிருந்து இரண்டு டயர், பிரேக் ஹோஸ், கேலிப்பர் சீல், பிரேக் திரவம், பேட்டரி, ஃபோர்க் சீல் ஆகியவற்றின் செலவை முதலிலேயே கழித்துப் பேச வேண்டும். கழித்துத் தர விற்பவர் இசையாவிட்டால், முதல் வண்டியையே எடுத்துக்கொள்ளலாம். மூலப் பாகங்களோடு வந்து, வயரிங் வெட்டப்படாமல் இருந்தால், மூன்றாவது வண்டி முதலாவதற்கு நிகரானது. என் அனுபவத்தில் சில நேரம் அதைவிடவும் நன்று.

எந்த வண்டியானாலும், செல்லுபடியாகும் சான்றிதழ் இன்னும் சில மாதங்களுக்கு இருக்கிறது என்று விற்பவர் சொல்வதை ஏற்றுக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது. அந்தச் சான்றிதழ் சோதனை நடந்த நாளின் நிலையை மட்டுமே சொல்கிறது. உள்ளூர் விதி இடம் தருமானால், சோதனைக் கட்டணத்தை வாங்குபவரே ஏற்றுக்கொண்டு, வண்டியை விற்பவர் பெயரில் இருக்கும்போதே புதிய சோதனைக்குக் கொண்டுபோகச் சொல்ல வேண்டும். தோற்றால் குறைகள் எழுத்தில் கைக்கு வரும். அதை வைத்து விலையைப் பேசலாம், அல்லது விலகலாம். தேறினால், சான்றிதழில் உள்ள தேதியும் மீட்டர் அளவும் அடுத்த ஆண்டு இதே வண்டியை நாம் சோதனைக்குக் கொண்டுபோகும்போது ஒப்பிட்டுப் பார்க்கும் முதல் அளவாக நம்மிடம் இருக்கும்.